மாத்செலிசோவின் மஞ்சள்

மாஃபெதெங் பக்கம் வந்து
சிவப்பு மண் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
துவைத்த பாவாடையில் சிவப்பு,
ஆகஸ்ட் காற்று அடித்தால்
மூடிவைத்த கஞ்சியிலும் சிவப்பு.
வெள்ளைக்கு அடுப்புச் சாம்பல்.
கறுப்புக்கு, மாடுகள் இறங்கிக் கலக்கும்
ஆற்று வளைவின் நாறும் சேறு.

மஞ்சள்தான் ஆட்டம் காட்டும்.

மூன்று வருஷம் சாலை வெட்டிய மேட்டில் எடுத்தேன்.
பிறகு கல்லும் கம்பிவலையும் போட்டு
மேட்டை மூடிவிட்டார்கள்.
போன வருஷம் கடையில் வாங்கினேன், பொட்டலம்.
ஈஸ்டருக்குள் வெளுத்து
சுவர் காமாலை தெளிந்த முகம் மாதிரி ஆனது.

இந்த ஜனவரியில் டோங்கா மறுபடி வாயைத் திறந்தது.
மழை அரித்த பள்ளத்துக்கு இங்கே அதுதான் பெயர்.
நான் மணமாகி வந்தபோது
செருப்பைக் கையில் பிடித்துத் தாண்டியிருக்கிறேன்.
இப்போது அடியில் நிற்கும் ஆள்
மேலிருந்து பார்த்தால் கோழி அளவு.

மாத்செலிசோவின் சோளக்கொல்லையில் பாதி
ஒரே இரவில் உள்ளே போயிற்று.
விடிந்ததும் விளிம்பில் போர்வை சுற்றி நின்றோம்.
என்ன சொல்வது?
முதல் பிள்ளையை மண்ணில் வைத்த பிறகு பிறந்தவனுக்கு
ஆறுதல் என்று பொருள்படப் பெயர் வைத்தவள் அவள்.
அவளுக்கு யார் போய் என்ன சொல்ல?
நானும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
என் கண்தான், வெட்கங்கெட்டது,
வேர்கள் தொங்கிய வெட்டுவாயில்
ஒரு முழ அகலத்துக்கு ஓடிய மஞ்சளைப்
பார்த்துவிட்டது.

ஏழு மாதம் பொறுத்தேன்.
அவள் ஆஸ்பத்திரிக்கு வேன் ஏறிய நாளில்
பெயின்ட் வாளியோடு இறங்கினேன்.
கட்டியை நகத்தால் சுரண்டி, கடைவாயில் அரைத்தேன்.
நல்ல மண் பல்லில் கரகரக்காது;
வெண்ணெய் மாதிரி வழுக்கிவிட்டு
கடைசியில் கொஞ்சம் இரும்பு ருசிக்கும்.
இது ருசித்தது.
இரண்டு நடை. இரண்டாவதில் தோள் இற்றுப்போனது.

லெஃபா வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.
பதினாறு வருஷம் பூமிக்கு அடியில்
பிறருக்குப் பொன் வெட்டியவன்.
'மேலேயே கிடைக்கிறதா இது?' என்று சிரித்தான்,
சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீரில் கரைத்தேன். மணல் அடியில் தங்கியது.
கலங்கலை வேறு வாளிக்கு மாற்றினேன்,
மறுபடி மாற்றினேன்.
சாணமும் மண்ணும் குழைத்த பூச்சின்மேல்
மஞ்சள் பூசி, ஈரம் காயுமுன்
முள்கரண்டியால் கோடு இழுக்கத் தொடங்கினேன்.

நிழல் விழுந்தது.
திரும்பாமலே தெரிந்தது யாரென்று.

ரொம்ப நேரம் பார்த்தாள்.
'இது என் கொல்லை' என்றாள்.
ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?
கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எங்கள் பேச்சில்
உழவுக்கும் சுவர்க்கோலத்துக்கும் வேர்ச்சொல் ஒன்று.
நாள்தோறும் சொல்கிறோம்,
நாள்தோறும் நினைப்பதில்லை.

'நீ நேராக இழுத்திருக்கிறாய்' என்றாள் மாத்செலிசோ.
'என் கொல்லையில் சால் நேராகப் போகாது.
நடுவில் பாறை. எருது அங்கே
இடப்பக்கம் ஒதுங்கும்.'
என் கையிலிருந்து முள்கரண்டியை வாங்கினாள்.
ஆஸ்பத்திரிச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு
நான் இழுத்ததை உள்ளங்கையால் அழித்தாள்.
இழுத்தாள், ஒதுக்கினாள், மறுபடி சேர்த்தாள்,
வரப்பு வரைக்கும், போன பாதியையும் சேர்த்து.
பாறை இருந்த இடத்தில்
எதுவும் வரையவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது
முள்கரண்டி ஒன்று குறைகிறதே என்றான் லெஃபா.
உழப் போயிருக்கிறது என்றேன்.